லிஃப்ட் கார்டில் எழுதின நேரம்

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிமிஷம் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடித்துக் கார்டில் கையெழுத்துப் போடும்போது மற்றவர்கள் தேதியோடு விட்டுவிடுவார்கள். இவர் மணியும் நிமிஷமும் எழுதாமல் பேனாவை மூடமாட்டார். பட்ட பாடு அப்படி. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டைக் காலையில் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார். மத்தியானம் வேறு எவனோ அதன் கதவை நோண்ட, உள்ளே ஒரு ஆள் மாட்டிக்கொண்டார். கார்டில் தேதி மட்டும் இருந்ததால் பழி இவர் தலையில் விழுந்தது. மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார்.

இவர் ஒரு அடுக்குமாடியில் வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். ஆறாவது மாடி, இரண்டு ரூம். மகள் எட்டாவது படிக்கும்போது சாவி தருவதாகச் சொன்னார்கள். அவள் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்கும் போய்விட்டாள், சாவி வரவில்லை. இருக்கிற வீட்டுக்கு வாடகை, இல்லாத வீட்டுக்குத் தவணை. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி, ஒருநாள் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அந்த வீடு வேணாங்க. படுத்தாத் தூக்கம் வந்தாப் போதும்."

கீழ்வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் அதை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு விளக்கினார். சொன்ன தேதிக்கு மேல் ஒரு வருஷம் தாண்டிவிட்டால், வீடு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் கட்டடம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். பாக்கி நிற்கும் கடைசி வேலையின் காகிதத்தில் எப்போது கையெழுத்து விழுகிறதோ அப்போதே கட்டடம் முடிந்ததாகக் கணக்கு, அதற்குப் பிறகு கொடுத்தால் செல்லாது. கடிதத்தை நேரில் கொடுத்துச் சீல் வாங்கிவிடுங்கள், சீல் இல்லாத கடிதத்தைப் பஜ்ஜி மடிக்கக்கூட வாங்கமாட்டான் என்றார்.

மனைவி மறுநாளே லீவு போட்டுவிட்டு, கடிதத்தோடு பில்டர் ஆபீசுக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியிருக்கமாட்டாள், சூப்பர்வைசரின் போன் வந்தது. ஒரு புதுக் கட்டடத்தில் ரெண்டாவது லிஃப்ட் மட்டும் பாக்கி நிற்கிறது, செக் பண்ணி இன்றைக்கே கார்டு கொடுத்துவிட வேண்டும். இடத்தின் பேரை இவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அது இவர் பணம் கட்டியிருந்த கட்டடம்.

அங்கே எனக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளை அனுப்புவார்கள், அவன் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். நாம் போனால் கார்டு நம் கையிலாவது இருக்கும். அப்படி நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். வாய் திறக்காமல் போனதுதான் அவர் பண்ணின தப்பு.

மணல் மூட்டைகளை லிஃப்ட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். நான்காவது மாடியில் தளத்துக்கு நான்கு விரல் கீழே போய் நின்றது. பிரேக் வழுக்குகிறது. மறுபடி இறக்கினார், அதேதான். மூன்றாவது தடவை கச்சிதமாக நின்றது. நான்காவது தடவையும் அப்படியே. முதலில் பார்த்தது நிஜமா? இல்லை, கோளாறு இருந்தால் தேவலை என்கிற நினைப்பு கண்ணை ஏமாற்றியதா? முப்பது வருஷ வேலையில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

சைட் மேனேஜர் படியேறி வந்தான். மகன் வயசு, தலையில் மஞ்சள் தொப்பி.

"அண்ணே, லிஃப்ட்தான் ஓடுதே, கார்டைக் கொடுங்க. நேத்துத் தேதி போட்டாப் போதும்."

"நேத்து நான் இங்க வரலையே. பிரேக்கும் வழுக்குது."

"யாருண்ணே பாக்கப் போறா? போன வாரம் மூணு பேரு வீடு வேணாம்னு லெட்டர் கொடுத்துட்டாங்க. இன்னைக்கும் ஒரு அம்மா ஆபீஸ்ல வந்து குந்திக்கிட்டு, சீல் வைக்காம எந்திரிக்க மாட்டேங்குதாம். கார்டு வந்துட்டா அந்த அம்மாவ அனுப்பிடலாம்."

இவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"அந்த அம்மா என் சம்சாரம்."

மேனேஜர் முகம் செத்துவிட்டது. அப்புறம் அதுவே இறுகிவிட்டது. அப்படியானால் பிரேக் வழுக்குகிறது என்பதெல்லாம் நீர் கட்டின கதையா என்று கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

அவன் முந்துவதற்குள் இவரே சூப்பர்வைசரிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று சொல்லத் தேவையில்லை. வேறு ஆளை அனுப்பிப் பாருங்கள், அவர் சரியென்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஒட்டகத்தை அனுப்புவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். நெடுநெடுவென்று கழுத்து நீண்ட இன்னொரு மெக்கானிக் அவர்.

ஒட்டகம் வருவதற்குள் மனைவியிடமிருந்து போன். சீல் வைக்கிறவர் சாப்பிடப் போயிருக்கிறாராம், இரண்டு மணி நேரமாகச் சாப்பிடுகிறாராம். "பானையையே தின்னுட்டு வரட்டும், நான் நகர மாட்டேன்," என்றாள். இவர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவும் இவருக்குத் தைரியமில்லை.

ஒட்டகம் வந்து இவரை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகவே ஓட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் சரியாக நின்றது. ஐந்தாவது தடவை நான்காவது மாடியில் லிஃப்ட் நழுவியது, இந்தத் தடவை ஒரு சாண். உள்ளேயிருந்து ஒட்டகத்தின் குரல் வந்தது.

"நிமிஷம், உன் கண்ணுக்கு ஒண்ணுமில்லய்யா. மேல ஏறு, கழட்டுவோம்."

கியர் பெட்டியில் எண்ணெய் கசிந்து பிரேக் கட்டையில் ஊறியிருந்தது. இரண்டு பேருமாகக் கழற்றி, கசிவை அடைத்து, புதுக் கட்டை மாட்டினார்கள். கை இரண்டும் எண்ணெயாக இருக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்க முடியவில்லை. அடித்து ஓய்ந்தது.

மூட்டைகளோடு பத்துத் தடவை ஓட்டினார்கள். பத்துத் தடவையும் நூல் பிடித்த மாதிரி நின்றது. இனி சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மேனேஜர் கார்டை நீட்டிக்கொண்டு நின்றான். முதலில் போனைப் பார்த்தால் என்ன? சீல் விழவில்லை என்றால் இன்னொரு தடவை கழற்றிப் பார்க்கலாம் என்று மனசு கேட்கும். கேட்டால் இந்தக் கை செய்தாலும் செய்துவிடும். அவருக்குத் தன்னைத் தெரியும். போனைத் தொடாமல் பேனாவை எடுத்து, அன்றைய தேதி போட்டு, மூன்று பத்து என்று நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நான்காவது மாடிப் படியில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"சீல் வெச்சாங்களா?"

"வெச்சாங்க. தேதி மட்டும் போட்டுக் கொடுத்தாங்க. விடுவேனா? இருபது வருஷமா உங்களோட குப்பை கொட்டுறேன். மணியும் எழுதுங்கன்னு உக்காந்துட்டேன். ரெண்டு நாப்பது."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பணம் கைக்கு வர இன்னும் எத்தனை மாதம் இழுப்பார்களோ, குமாஸ்தா அதற்கு உறுதி சொல்லவில்லை. அது வேறு கவலை.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா? எங்க இருக்கீங்க?"

"நம்ம வீட்டுக்கு ரெண்டு மாடி கீழ," என்றார்.