அட்டை பிடித்தவள்

ஊரில் எல்லோருக்கும் அவள் அந்தியக்கா. வெயில் அடிக்கும்போது எந்த மகாராஜா வந்து நின்றாலும் கேமராவை உறையை விட்டு எடுக்க மாட்டாள். "பாதி முகம் நிழலு, மீதி வேர்வை. அதைப் போய் எடுக்கணுமாக்கும்?" என்பாள். சூரியன் இறங்கியபின் கிடைக்கும் கால் மணி நேரம்தான் அவள் பிழைப்பு. பழைய கிடங்கு ஒன்றின் வெள்ளைச் சுவர் மேற்கு வானத்து வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும். ஆளை அந்தச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, கீழே ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் போதும், அறுபது வயதுக்காரர் ஐம்பதாகிவிடுவார்.

அட்டை பிடிப்பவள் நாத்தனார், கணவனின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் என்றாலே எலியும் பூனையும் என்பவர்கள் இவர்களைப் பார்த்ததில்லை. பதினான்கு வருஷம் ஒரே ஸ்கூட்டரில் போய்வந்தார்கள். எத்தனை மணிக்கு, எங்கே உட்கார வேண்டும் என்ற சூட்சுமம் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பெரிய ஜவுளிக்கடை ஒன்று தன் விளம்பரங்களுக்கு நிரந்தரமாகப் படமெடுக்க ஆள் தேடியது. மாதிரிப் படம் தர சனிக்கிழமை கடைசி நாள். கிடைத்தால் இனி வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"எந்திரிக்கவே முடியல அண்ணி. நாளைக்குப் போலாமே."

"சரி விடுடி. காலு முக்கியமா, படம் முக்கியமா?"

தைலம் தேய்த்துவிட்டு, படத்துக்கு வரவிருந்த பெண்ணிடம் நேரில் சொல்லிவரக் கிளம்பினாள். ஊரின் மறுகோடி. திரும்பும்போது இருட்டிவிட்டது. சனிக்கிழமையோ வானம் மூடிக்கொண்டது. ஏதோ எடுத்தாள், கொடுத்தாள்.

திங்கட்கிழமை கடை மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. புது ஸ்டூடியோக்காரர் படம் முதலாளிக்குப் பிடிச்சுப்போச்சு. வெள்ளிக்கிழமை எடுத்தாராம். பாருங்க."

கம்ப்யூட்டரில் ஒரு பெண்ணின் முகம். அதே இறங்குவெளிச்சம். அந்தியக்கா மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எந்தப் படத்திலும் முதலில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவள் வழக்கம். பெரிதாக்கினாள். கண்மணிக்குள் வெள்ளைச் சதுரமாக அட்டையின் பிம்பம். அதன் மேல் விளிம்பில் மோவாயை ஊன்றியபடி குட்டியாக ஒரு தலை. அட்டையை அப்படிப் பிடிக்கிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். தன் படங்களில் எல்லாம் அந்தத் தலையை அழித்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் விட்டுவைப்பாள் அந்தியக்கா. புதியவனுக்கு அந்த வேலை தெரியவில்லை.

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முழங்கால் எப்படிடி இருக்கு?"

"தேவலை அண்ணி."

"அந்தப் பொண்ணு கண்ணுக்குள்ள நல்லாத்தான் உட்கார்ந்திருக்கே."

நாத்தனாரின் கை நின்றது. அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"எத்தனை பேர் கண்ணுல நான் இருந்தேன் அண்ணி! ஒண்ணு விடாம அழிச்சீங்க. அவரு அழிக்கல. படத்துக்கு அடியில என் பேரும் போடறேன்னாரு."

"கேட்டிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனா?"

"பதினாலு வருஷமா உங்களுக்காத் தோணலையே."

அந்தியக்காவுக்குச் சுருக்கென்றது. தப்புதான். அதற்காகக் காலில் வலி என்று பொய் சொல்லி, தைலம் தேய்க்கவிட்டு, கழுத்தறுப்பார்களா? கூடப்பிறந்தவளைவிட மேலாக நம்பினாளே, பாவி!

"சரி, இன்னிக்குச் சாயங்காலம்?" என்றாள் கடைசியாக.

"அவருகூடத்தான். அஞ்சரைக்கு வரச் சொல்லியிருக்காரு. உங்களுக்கு அந்தச் சுவரு வேணும்னா, நாங்க முடிச்சப்புறம் வாங்க அண்ணி."