படித்துவிட்டேன் என்றேன்

பத்திரம் எழுதுவது என் தொழில். காளவாசலுக்கு மேற்கே வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. மனை வாங்க வருகிறவர்களிடம் நாள் முழுக்க ஒரே பாட்டுத்தான் பாடுவேன்: படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்படிப்பட்டவன் அப்பாவுக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்பா முப்பது வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கட்சியின் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். அப்போது ஊருக்கு ஒரே பூத். வருகிற முகத்தைப் பார்த்து அவர் தலையாட்டினால் எதிர்க்கட்சி ஏஜெண்டும் பேசாமல் இருப்பார். பிறகு ஊரைச் சுற்றி நகர்கள் முளைத்தன. அதே பள்ளிக்கூடத்தில் ஆறு பூத் ஆயிற்று. பட்டியலில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்கள் அவரைக் கூப்பிடவில்லை. அவர்கள் செய்தது சரிதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அன்று மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் காலை ஏழு மணிக்கு முன்பே போய் முதல் ஆளாக நிற்பார். அந்த பூத்தில் முதல் ஓட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

போன நாடாளுமன்றத் தேர்தலின்போது அவருக்கு எண்பத்தாறு வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் ஒரு படிவம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எண்பத்தைந்து தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாமாம்; அதிகாரிகளே வந்து வாங்கிக்கொள்வார்களாம். சித்திரை வெயிலில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் சம்மதிக்க மாட்டார். வயதானவர்களுக்கு உதவி கேட்கிற படிவம் என்று மட்டும் சொன்னேன். பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"படிச்சுட்டியாப்பா?"

"படிச்சுட்டேன்."

மேலே இருந்த நாலு வரியைத்தான் படித்திருந்தேன். அவர் தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டு வாங்க அதிகாரிகள் வந்த அன்று நாங்கள் கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்குள் அப்பா வேட்டி சட்டையைத் தேய்க்கக் கொடுத்து, தெரிந்த ஆட்டோக்காரரை ஓட்டு நாளன்று ஆறரைக்கே வரச் சொல்லிவிட்டார். அதைப் பார்த்ததும் என் மனசு இளகிவிட்டது. நேரில்தான் போகட்டுமே என்று விட்டுவிட்டேன். அதிகாரிகள் மறுபடி வருகிறார்கள் என்று டீச்சர் போன் செய்தபோது பதிவு அலுவலகக் கூட்டத்தில் நின்றிருந்தேன். வரவேண்டாம், அவரே வந்து போட்டுக்கொள்வார் என்றேன். டீச்சர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதால் பாதியிலேயே போனை வைத்துவிட்டேன்.

ஓட்டு நாளன்று அப்பாதான் வரிசையில் முதல் ஆள். பட்டியலைப் பார்த்த அதிகாரி அவர் பெயருக்கு எதிரே இருந்த குறியைக் காட்டினார். தபால் ஓட்டுக்கு எழுதிக் கொடுத்தவர் பூத்தில் போட முடியாது என்றார். படிவத்தின் கீழ்ப்பகுதியில் அது இருக்கிறதாம். நான் சத்தம் போட்டேன். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். தேர்தல் வேலைக்காகத் தபால் ஓட்டு வாங்கிவிட்டு பூத்துக்கும் வந்த வாத்தியார்களை இதே குறியைக் காட்டி இதே பள்ளிக்கூடத்தில் ஒரு காலத்தில் திருப்பி அனுப்ப வைத்தவர் அவர்.

"விடுப்பா. அவுக செய்யிறது சரிதான்."

ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒரு தடவை பார்த்தார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்ததும், என்னை உள்ளே போய் என் ஓட்டைப் போட்டுவிட்டு வரச் சொன்னார். போட்டுவிட்டு வந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"படிச்சுட்டேன்னு சொன்னியேப்பா."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் கோபமே இல்லை. உண்மையைச் சாயங்காலம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தெருவில் எல்லோரும் மை வைத்த விரலைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அன்று முழுக்க இடது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

ஓட்டு எண்ணுவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும், கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட என்னிடம் துணிக்கிழிசலைக் கொடுத்தார்கள். அவருடைய இடது கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தேன். விரல்கள் சுத்தமாக இருந்தன. என் ஆள்காட்டி விரல் நகத்தில் மை இன்னும் கறுப்பாக நின்றது. எத்தனை தடவை கட்டியும் முடிச்சு விழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அழுகையில்தான் கட்ட வரவில்லை என்று நினைத்திருப்பார்கள். நான் அவர் காதுப் பக்கம் குனிந்து, "படிக்கலப்பா" என்றேன்.