வெண்டலின் விடுபட்ட வரி

ஹில்ஸ்பரோ அலுவலகத்தில் வெண்டல் ஹாகன் என் பக்கத்து மேசைக்காரர். இருபது வருஷமாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒரே மூலையைப் பார்த்துக்கொள்கிறார்: டிஸ்கிலிருந்து எடுத்த கோப்புப் பக்கங்களை மெமரியில் வைத்திருக்கும் இடம். மெமரியில் ஒரு பக்கம் மாறினால், 'இன்னும் டிஸ்குக்குப் போகவில்லை' என்று கெர்னல் அதற்கொரு அடையாளம் வைக்கும், போனதும் அழித்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் வேகம் வேண்டி, ஒரு பக்கத்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் தொடாமல் காக்க அங்கிருந்த பூட்டு ஒன்றை வெண்டல் கழற்றினார். வாழ்க்கையில் அவர் வெளிப்படையாகப் பெருமைப்பட்டது அதற்கு மட்டும்தான்.

இப்போது யார் யாருடைய கோப்புகளிலோ எழுதியது காணாமல் போகிறதாம். அந்தப் பகுதியின் பொறுப்பாளர், ஹாலிஃபாக்ஸில் இருக்கும் கொரின் பெல்ட்டியே, எல்லாரும் படிக்கும் அஞ்சல் பட்டியலில் எழுதினார்: "வெண்டல், வெள்ளிக்கிழமைக்குள்ள பிழையை வரவழைச்சுக் காட்டித் திருத்துங்க. இல்லன்னா உங்க மாற்றத்தை எடுத்துடுவேன்."

ஆக, தன் வேலையைக் காப்பாற்ற அது தப்பு என்று அவரே நிரூபிக்க வேண்டும். சோதனை நிரலை மூன்று நாள் ஓட்டினார். பிழை வரவில்லை. உளவு பார்க்க நடுவில் சில வரிகளைச் சேர்த்தார். எல்லாம் மெதுவாகி, வரக்கூடிய பிழையும் ஓடிவிட்டது.

"கேபிள்காரன் மாதிரிப்பா. நான் வீட்ல இல்லாதப்போ வந்து கதவைத் தட்டிட்டுப் போயிடறான்" என்றார் வெண்டல்.

வியாழன் மதியம் திட்டு, சோதனை நிரல் வரிக்கு வரி எண் போட்டு எழுதிவைக்கும் லாக் மேல் திரும்பியது. "312க்கு அப்புறம் 314. எண்ணக்கூடத் தெரியாத சனியன். எண் போடற பகுதியை ரெண்டு தடவை திருத்தி எழுதிட்டேன்."

"லாக் எங்க எழுதுது?" என்றேன்.

"இதே மெஷின்லதான், இதே டிஸ்க்..."

பாதியில் நிறுத்திவிட்டு லாகை மறுபடி திறந்தார். மூன்று நாளாகத் தேடிய பிழைக்குச் சாட்சியைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

பூட்டு இல்லாததால், பக்கம் டிஸ்குக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே 313ஆம் வரி அதில் வந்து சேர்ந்தது. போய் முடிந்ததும் கெர்னல் அடையாளத்தை அழித்தது, புது வரிக்கான அடையாளத்தையும் சேர்த்தே. முதலில் அழித்துவிட்டுப் பிறகு அனுப்பியிருக்க வேண்டும். திருத்தம் என்பது நிரலில் ஒரு வரியை மேலே நகர்த்துவது.

பிழைக்குக் காரணமானவர், கண்டவர், திருத்தியவர் என்று வழக்கப்படி நிரப்ப வேண்டிய மூன்று இடத்திலும் தன் பெயரையே போட்டு அனுப்பினார். கொரினின் பதில் உடனே வந்தது: "நல்லது. சோதிச்சவர் யாரு? அதுலயும் நீங்களே இருக்க முடியாது."

வெண்டல் என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஓடணும்?" என்றேன்.

"மூணு நாள்."

வெள்ளிக்கிழமை கொரின் சொன்னபடியே மாற்றத்தை எடுத்துவிட்டார். ஞாயிறன்று என் சோதனை தேறியது. திருத்திய மாற்றம் உள்ளே போக அடுத்த பதிப்புச் சுற்று வர வேண்டும். அதற்குப் பத்து வாரம்.

"அதுவரைக்கும் எல்லாரும் மெதுவா, சரியா எழுதட்டும்" என்றார் வெண்டல், சரி என்பது ஏதோ வசவுபோல.