எந்தப் பஞ்சாயத்துப் பிள்ளைகள்

1966 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் நான்கு குடம் இறைத்தேன். ஜெபம் செய்தேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி உலை வைத்தேன். எழும்பூரில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த என் கணவரை ஏழே முக்கால் எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு அனுப்பினேன். துணி துவைத்து முடித்தபோது ஒன்பது. பத்து மணிக்கு இரண்டு பஞ்சாயத்துத் தலைவர்களும் கல்குவாரிக்கு வருவதாக இருந்தது. அவர்களை ஒன்றாக ஒரே இடத்தில் நிற்க வைக்க நான்கு மாதம் அலைந்திருந்தேன்.

அப்போது நாங்கள் தாம்பரத்திலிருந்து திருநீர்மலைக்குப் போகும் பாதையில் ஒரு சிறிய ஊரில் குடியிருந்தோம். அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் நான் உறுப்பினர். தேர்தலில் நின்று வந்தவள் அல்ல. பெண் ஒருத்தியும் ஜெயிக்கவில்லையென்றால் ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்தது. படித்தவள், ஊர் வம்புக்குப் போகாதவள், எந்தக் கட்சிக்கும் சொந்தம் இல்லாதவள் என்று பார்த்து என்னைச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்துக்குப் போனபோது எனக்கு நாற்காலி இல்லை. "நீங்க எதுக்கும்மா வெயில்ல வர்றீங்க? நோட்டை வீட்டுக்கே அனுப்பறோம், கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார் தலைவர். பியூன் எதிர் டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அந்த ஸ்டூலில்தான் அத்தனை கூட்டங்களிலும் உட்கார்ந்தேன்.

கல்குவாரிக்கு நான் முதலில் போனது வீட்டுத் தளத்துக்கு ஜல்லி கேட்கத்தான். பாறையின் அடிவாரத்தில், மூங்கில் நட்டுக் கீற்று போட்ட ஒரு கொட்டகை இருந்தது. ஜல்லி உடைக்கிற பெண்கள் தங்கள் பிள்ளைகளை அதில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அன்று பதினோரு பிள்ளைகள் கிடந்தார்கள். எல்லாம் பள்ளிக்கூட வயதுக்கு வராதவை. பள்ளியில் மதியச் சாப்பாடு உண்டு. ஆனால் பள்ளியில் பெயர் உள்ள பிள்ளைக்குத்தான் தட்டு. கொட்டகையில் அழுகைச் சத்தமே இல்லை. பதினோரு குழந்தைகள் இருக்கும் இடத்தில் அழுகை இல்லையென்றால் அங்கே ஏதோ கெட்டது நடக்கிறது என்று பிள்ளை பெற்ற யாருக்கும் தெரியும்.

ஓரத்தில் கிடந்த பெண் குழந்தைக்கு இரண்டு வயது. தலைமுடி செம்பட்டை பாய்ந்து உதிர்ந்திருந்தது. பாதம் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. அதன் தாயையும் குழந்தையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் எழுதித் தர்ற மருந்து எதுவும் இல்ல. பாலும் பருப்பும் தினமும் கொடுங்க. இப்படியே விட்டா மழைக்காலம் தாங்காது" என்றார். அன்றிலிருந்து நான் ஒரு தூக்கில் பால் கொண்டுபோனேன். அந்த ஒரு தூக்கைப் பதினோரு பிள்ளைகளுக்கு நடுவில் ஒன்றுக்கு மட்டும் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வேதனை தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். ஒன்றிய அலுவலகத்தில் பால்பவுடரும் கோதுமை ரவையும் எண்ணெயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தன. சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று உத்தரவும் இருந்தது. பஞ்சாயத்து தர வேண்டியவை மூன்று: இடம், விறகு, சமைக்க ஒரு ஆள். பஞ்சாயத்து எழுதிக் கேட்டால் மறுவாரமே மூட்டை வரும் என்றார் அங்கிருந்த அதிகாரி.

எங்கள் தலைவர் அரிசி மில் வைத்திருந்தவர். கூட்டத்தில் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சிறந்த பஞ்சாயத்துன்னு இந்த வருஷம் நமக்குப் பரிசு வரப்போவுது. பார்க்க வர்றவங்க முன்னால கஞ்சித்தொட்டி வெச்சா ஊர் பேர் என்னாவும்? நம்ம ஊர்ல பட்டினி கிடையாதும்மா" என்றார். கொட்டகையில் கிடக்கும் பிள்ளைகள் யார் என்று கேட்டேன். "அது நம்ம எல்லையே இல்ல. பக்கத்து ஊர் எல்லை."

பக்கத்து ஊர்த் தலைவரிடம் போனேன். மூன்று லாரி வைத்து ஜல்லி ஏற்றுகிறவர். சிரித்த முகம், பேச்சில் தேன். "யக்கா, குவாரியில பாதி எங்களுதுதான், இல்லேங்கல. ஆனா அந்தக் கொட்டாய் உங்க பக்கம். அதுவுமில்லாம அதுங்கெல்லாம் வெளியூர்லேர்ந்து வந்த ஜனங்க. இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் பாறை தீர்ந்தா போயிடும்." அந்தக் குழந்தையின் தாய் பிறந்து வளர்ந்தது அனகாபுத்தூர். பஸ்ஸில் போனால் சற்று நேரத்தில் இறங்கிவிடலாம்.

ஜல்லி ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளால் இரண்டு பஞ்சாயத்துகளுக்கும் வருமானம் வந்தது. அந்த வருமானத்தில் எங்கள் தெருவில் டியூப் லைட் எரிந்தது. பக்கத்து ஊரில் சிமெண்ட் வளைவு எழும்பியது. பாறையைப் பங்கு போடும்போது எல்லைத் தகராறு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. பிள்ளைகள் என்று சொன்னவுடன்தான் எல்லை ஞாபகம் வந்தது.

இரண்டு பேரும் எல்லையைச் சொல்லித்தானே தப்பிக்கிறார்கள், எல்லையை அளந்துவிடுவோம் என்று நான்தான் கேட்டேன். அதற்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

பத்து மணி என்றவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். கிராமக் கணக்கு பார்க்கும் கர்ணம் வரைபடத்தோடு வந்தார். தலையாரி அளக்கிற சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குவாரி மேஸ்திரி தலைவர்களுக்கு இரண்டு நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். பெண்கள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை, உடைத்துக்கொண்டே பார்த்தார்கள். நிறுத்தினால் கூலி நின்றுவிடும்.

பாறை மேட்டில் இருந்த எல்லைக் கல்லிலிருந்து சங்கிலியை இழுத்தார்கள். அது நேராகக் கொட்டகைக்கே வந்தது. தலையாரி உள்ளே குனிந்து, "இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் நகர்த்தும்மா, சங்கிலி போவணும்" என்றார். வீங்கின பாதத்தோடு கிடந்த அந்தக் குழந்தையை நானே தூக்கினேன். காகிதத்தைத் தூக்கியது போல இருந்தது. அது கிடந்த இடத்தின் மேல் சங்கிலியை ஓட்டினார்கள்.

கோடு கொட்டகையின் நடுவில் போனது. கர்ணம் வரைபடத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்து, "பாதி அங்க, பாதி இங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இனி இரண்டு பேருமே இல்லையென்று சொல்ல முடியாது.

லாரிக்காரத் தலைவர் குழந்தையைக் கீழே விடச் சொன்னார். விட்டேன். உற்றுப் பார்த்தார். "தலை உங்க பக்கம், காலு எங்க பக்கம். வாய் உங்க பக்கம் இருக்கு. கஞ்சி நீங்கதான் ஊத்தணும் அண்ணே." எங்கள் தலைவர், "வீக்கம் உங்க பக்கம்தான். வைத்தியச் செலவு உங்களுது" என்றார். கர்ணம் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். அதன் தாய் பத்தடி தூரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்காது என்று நினைத்தார்களா, கேட்டால்தான் என்ன என்று நினைத்தார்களா, தெரியவில்லை. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

பிறகு இரண்டு தலைவர்களும் லாரி நிழலில் ஒதுங்கிப் பேசினார்கள். அவர்கள் எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அன்று ஐந்து நிமிடத்தில் ஒத்துப்போனார்கள். எங்கள் தலைவர் வந்து சொன்னார்:

"எல்லைக்கோட்டு மேல கட்டடம் இருக்கக்கூடாதும்மா. ஆக்கிரமிப்பு. பிரிச்சுடச் சொல்லிட்டோம்."

"பிள்ளைங்க எங்கே இருக்கும்?"

"அது காண்ட்ராக்டர் பாடு."

"சோறு போடறதைப் பத்திப் பேசத்தானே வந்தோம்?"

"எல்லையைப் பார்க்கணும்னு நீங்கதானே கேட்டீங்க? பார்த்தாச்சு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

மேஸ்திரி நான்கு ஆட்களை விட்டார். நான் நடுவில் நின்றேன். "நீங்க ஒதுங்குங்கம்மா, மூங்கில் மேல விழும், அப்புறம் எனக்குப் பேஜாரு" என்றார் அவர். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு கீற்றை இழுத்தார்கள். மூன்று மணிக்குள் கொட்டகை இல்லை. பதினோரு பிள்ளைகள் ஜூன் மாத வெயிலில், சுட்ட பாறையில், சாக்கின் மேல் கிடந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு முந்தானையைப் பிடித்து நிழல் செய்யப் பார்த்தார்கள். முந்தானையைப் பிடிக்கிற கை சுத்தியலைப் பிடிக்க முடியாது; மேஸ்திரி சத்தம் போட்டார்.

குழந்தையின் தாய் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"இன்னாமா, சோறு போடறேன்னு வந்தே. இருந்த நெயலையும் புடுங்கிக்கினு போறாங்க. உன்னைப் பார்த்தா எங்களுக்கு பயமா கீது."

மேஸ்திரியைக் கூப்பிட்டு இந்த மூங்கிலும் கீற்றும் யாருடையது என்று கேட்டேன். "இவங்க காசுல வாங்கிப் போட்டது. விடியறதுக்குள்ள எடுக்கலேன்னா விறகுக்குப் போவும்" என்றார்.

அவளிடம் திரும்பினேன். "விடியறதுக்கு முன்னால இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வாங்க. பிள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு."

"ஆபீஸுக்கா? தொரத்துவாங்க."

"நான் அங்கே மெம்பர். அந்த இடத்துல எனக்கும் பாத்தியதை இருக்கு."

"மெம்பருன்னா?"

"கையெழுத்துப் போடறவ."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். அதில் கேலிதான் அதிகம். "கையெழுத்துப் போடறவளா. சரி, வந்து பாக்கறோம்."

இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "உன்னை அடுத்த தடவை சேர்த்துக்க மாட்டாங்க" என்றார். சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லாமல், பின்கட்டிலிருந்து கடப்பாரையை எடுத்து வாசலில் சாத்தி வைத்தார்.

மறுநாள் புதன்கிழமை. விடியும் முன்னரே ஆபீஸுக்குப் போய்விட்டேன். வெளிச்சம் பரவும்போது மூங்கில்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்பது பெண்கள் வந்தார்கள். வாசலில் படுத்திருந்த பியூன் எழுந்து உட்கார்ந்து, "தலைவரைக் கேக்கணுமேம்மா" என்றார். கேளுங்கள், நானும் நான்கு மாதமாக அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். முதல் வேலையாக, அந்தப் பெண் குழந்தையைத் தாழ்வாரத்தில், தலைவர் அறைக் கதவை அடைத்தாற்போல் படுக்கவைத்தோம். பிறகு கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், யாருடைய எல்லை என்று எந்தக் கர்ணமும் வந்து சொல்ல வேண்டியிராத அந்த மண்ணில், கடப்பாரையை இறக்கினேன்.