அண்ணன் மாட்டிவிட்ட கோட்டு

அண்ணன் நெனவு நாளுக்கு இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். "உங்க அண்ணனப் பத்தி நீ எழுதாம, எதிர் வூட்டுக்காரரா எழுதுவாரு?"ன்னு அண்ணி கேட்டாங்க. அண்ணன் போயி ஒரு வருஷம் ஆவுது. அண்ணி மூஞ்சப் பாத்து முடியாதுன்னு சொல்ல வாய் வரல.

அண்ணன் பொறந்தது பள்ளிப்பட்டு. நைனா தறி ஓட்டித்தான் எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சாரு. அண்ணன் நல்லா படிச்சாரு. நான் பி.காம் ரெண்டாவது வருஷத்துலயே காலேஜுக்கு டாட்டா காட்டிட்டு லோடு ஆட்டோ எடுத்துட்டேன். ஆனா அவ்ளோ மார்க்கு வாங்குன அண்ணன், மொத இன்டர்வியூல ஊமையாட்டம் நின்னுட்டு வந்தாரு. மனப்பாடம் பண்ணிகினு போனது ஒண்ணு, அவங்க கேட்டது ஒண்ணு. கொஞ்ச காலம் தறிக்கே போனாரு. திருத்தணி பக்கத்துல ஒரு காலேஜுல வாத்தியாரா சேந்த பிறகும் அந்த நாள அவரு மறக்கல. "பசங்களுக்குப் பாடம் தெரியுதுடா. நாளைக்கு வேலையில என்ன வரும்னு எவனுக்கும் தெரியாது. தெரியாதது வந்தா யோசிக்கப் பழக்கணும்"னுவாரு.

அதுக்கு என்னப் புடிச்சாரு. சனிக்கிழமை ஆனா அவரோட கல்யாண ரிசப்ஷன் கோட்ட எனக்கு மாட்டி, மெட்ராஸ் கம்பெனி மேனேஜர்னு சொல்லி, இன்டர்வியூ எடுக்க பசங்க முன்னாடி உக்கார வச்சிடுவாரு.

"இன்னாண்ணா, என்னப் பாத்தா மேனேஜர் மாதிரியா கீது?"

"உன் வாய்தான்டா எனக்கு வேணும். எல்லாரையும் நக்கல் பண்றியே, அதே மாதிரி கேளு."

கேட்டேன். ஆர்.கே.பேட்டை பொண்ணு ஒண்ணு தன்னப் பத்தி இங்கிலீஷ்ல கடகடன்னு ஒப்பிச்சிது. "நிறுத்தும்மா. கரண்ட் இல்ல, கம்ப்யூட்டர் ஓடல, முதலாளியும் ஊர்ல இல்ல. உனக்கு எதுக்கு சம்பளம்?"னேன். இங்கிலீஷ வுட்டுச்சு. அப்புறம், "கஸ்டமர் வருவாங்க இல்ல சார்? கேட்டு எழுதி வச்சிகினு, கரண்ட் வந்ததும் ஏத்திடுவேன்"னுச்சு. அண்ணன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும், அவருக்கே வேல கெடச்ச மாதிரி. எனக்கு சாயந்திரம் வாங்கித் தர்ற பிரியாணி மேலதான் கண்ணு.

போன வருஷம் அண்ணன் நெஞ்சுவலியில போனாரு. காரியத்தன்னிக்கு பசங்க வந்தாங்க. நான் லுங்கியோட தண்ணி கேன் தூக்கிகினு நின்னேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "சார், ஜூனியருங்களுக்கு சனிக்கிழமை வருவீங்களா?" "ஆங், பாக்கலாம்மா"ன்னு நழுவிட்டேன். இன்னும் நழுவிகினேதான் கீறேன். அடுத்த மாசம் வேலைக்கு ஆள் எடுக்க காலேஜுக்கு கம்பெனி வருதாம், பசங்க போன் அடிச்சிகினே கீறாங்க. எடுக்க மாட்டேன். நான் யாருன்னு தெரிஞ்சா, அண்ணன் பொய் சொல்லிட்டாருன்னு நெனச்சிடுவாங்களோன்னு பயம். அவரு வுட்டுட்டுப் போன வேல அப்பிடியே கெடக்குது. கோட்டு என் பீரோவுல தொங்குது. அதப் பாக்காமதான் சட்ட எடுக்கறேன்.

அதனால இங்கியே சொல்லிடறேன். நான் மேனேஜர் இல்ல. டிகிரி கூட இல்ல. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க, அண்ணன வுட்டுடுங்க.

அண்ணன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுன பக்கத்து வூட்டுக்காரங்களுக்கும், அண்ணிய தனியா வுடாம கூடவே இருந்த சொந்தக்காரங்களுக்கும், காலேஜுல இருந்து வந்து நின்ன எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி.

இத டைப் பண்றவன் என் சிநேகிதன் குமாரு, அதே காலேஜுல லேப் அசிஸ்டென்ட். "காலேஜ் குரூப்புல இதப் போட்டா பசங்க இன்னா நெனப்பாங்க மச்சி?"ன்னு கேட்டு அனுப்புனேன். அவன் பதில் வந்துது:

"பசங்களுக்கு மொத நாளே தெரியும் மச்சி, கோட்டு மாட்டிகினு லோடு ஆட்டோவுலதான வந்து எறங்குன, சனிக்கிழமை வந்து சேரு."