துரைசானிக்கு வந்த சாமி

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கவலைதான். மழை வந்தால் மிளகுக்கொடி அழுகுமோ என்று. வராவிட்டால் சாமை காயுமோ என்று. சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டதே, வாத்தியார் பிரம்பு எப்போது விழுமோ என்ற கவலை தாங்காமல்தான். ஆனால் அந்த வருஷம் ஒரே கவலை மற்றதையெல்லாம் விழுங்கியிருந்தது.

எங்கள் மலையிலேயே பக்கத்தில் இருந்த பெரக்கரை நாட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமி யார் மேலாவது இறங்கி வாக்குக் கொடுத்தால்தான் பெண்ணைத் தருவேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். திருவிழா முடிகிற நாளாகியும் யாருக்கும் சாமி வரவில்லை. பூசாரி தானே ஆடிப் பார்த்தார், மூச்சிரைப்புதான் வந்தது.

அன்றைக்கு மலை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசானியை மூங்கில் நாற்காலியில் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். கோயில் முன்னால் இறக்கினோம். எழுந்து நின்றவள் அப்படியே ஆடினாள். கண் செருகியது. "கிடி... கிடி..." என்றாள்.

பம்பைக்காரர்கள் விடுவார்களா? பின்னி எடுத்துவிட்டார்கள். பெண்கள் குலவையிட்டு அவள் பூட்ஸ் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். திருவிழாவுக்கு வந்திருந்த பெண்ணின் அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி, எம் பொண்ணை இந்தப் பையனுக்குக் குடுக்கலாமுங்களா?"

துரைசானியின் தலை எல்லாப் பக்கமும் ஆடியது.

"குடுக்கச் சொல்லிருச்சு!" என்று கூட்டமே கத்தியது. என் கால் தரையில் இல்லை.

அவளோடு வந்த சமையல்காரர் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். அவர் குறுக்கே பாய்ந்தார். "ஏனுங்க, நிறுத்துங்க! சாமியுமில்லே பூதமுமில்லே. இங்கிலீஷ்ல கிடின்னா தலைசுத்தலுங்க. மலையேத்தம் ஒத்துக்கலை."

பம்பை நின்றது. பெண்ணின் அப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

துரைசானி மோர் குடித்துத் தெளிந்து, என்ன நடந்தது என்று சமையல்காரரிடம் கேட்டாள். அவர் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மளமளவென்று ஏதோ சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அவுங்க ஊர்ல ரொம்பக் காலத்துக்கு முந்தி, சாமி புடிச்சு ஆடறவனைத்தான் கிடின்னு சொன்னாங்களாம். சாமிக்கு அவுங்க வெச்ச சொல்லுலருந்து முளைச்ச சொல்லாமுங்க. அப்புறம் புத்தி பேதலிச்சவனைச் சொன்னாங்களாம். பின்னாடிதான் வெறும் தலைசுத்தலாப் போச்சாம்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் பெண்ணின் அப்பா. "அவுங்களுக்கு மறந்து போச்சு. சாமிக்கு மறக்குமா? தையில கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

மறுபடியும் பம்பை. எனக்குக் கண் இருட்டி, மஞ்சள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அட, மாப்பிள்ளைக்கும் வந்திருச்சு!" என்று பூசாரி கூவினார். "வாக்குக் கேளுங்க!"

"அவனைக் கேக்காதீங்க," என்றார் என் மாமனார். "நாளைக்கேன்னு சொல்லிப்போடுவான்."