வண்டி ஓட்டுகிறவருக்கு ஊற்ற மாட்டார்கள்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரின் முன்கண்ணாடியில் இரண்டாவது மிரர் ஒன்றை ஒட்டியது. ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதற்கான சின்ன மிரர். மகள் இயந்திரப் பொறியாளர். வெளியூரிலிருந்து லீவில் வந்திருந்தாள். ரப்பர் பிடிப்பை அழுத்தினாள். விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது.

“இன்ஜினியருக்குப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?”

“முதல்ல கண்ணாடியத் துடைச்சீங்களாப்பா?”

“நீ துடைப்பேன்னு இருந்தேன்.”

துடைத்துவிட்டு ஒட்டினாள். நின்றது. “இப்ப யாருக்கு?” என்று கேட்டாள்.

“புது ஆளு. ஹோட்டல் சமையக்கட்டுல வேலை. ஞாயித்துக்கிழமை அவன் மச்சான் ஹால் எடுத்து விருந்து வைக்கிறாரு. அவன் ஓட்டுவான், நான் பக்கத்துல உக்காந்து போறேன். எனக்கு ராத்திரியில கண்ணு மங்கல், அவன்தான் திரும்பக் கொண்டு விடணும்னு சொல்லிடுவேன்.”

“உங்களுக்கா? கண்ணு மங்கலா?”

“ஞாயித்துக்கிழமை மட்டும்.”

அந்த விருந்தில் என்ன நடக்கும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மச்சான் தன் கையாலேயே ஊற்றுவார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்றால் எந்த டாக்டர் என்பார். குடியை விட மறுவாழ்வு மையத்துக்குப் போகிறான் என்ற செய்தி, விருந்து முடிவதற்குள் ஊரில் இருக்கும் மனைவிக்கும் மாமனாருக்கும் போய்விடும். அதற்குப் பயந்து ஒரு கிளாஸ் வாங்கிவிடுவான். ஒன்றோடு நிறுத்த அவனால் ஆகாது.

சர்க்கரை என்றால் சிரிப்பார்கள். ஈரல் என்றால் ஒன்றும் ஆகாது என்பார்கள். வண்டி ஓட்டணும் என்றால் மட்டும்தான் நீட்டிய கிளாஸ் திரும்பிப் போகும். எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டுமே. இதை அப்பா தன் உடம்பில் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

பிழைக்க வந்த வெளிநாட்டில், உறைந்த உணவுப் பொருள் கிடங்கில் பெட்டிகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவர் வேலை. ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டாலும் எலும்பு வரை இறங்கும் குளிர். குளிருக்கு என்று ஆரம்பித்த குடி கோடையிலும் நிற்கவில்லை. ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுபோய் அடுக்கில் மோதினார். உறைந்த பட்டாணிப் பெட்டிகள் மலையாகச் சரிந்தன. சூப்பர்வைசர் நல்ல மனிதர்; வேலையை விட்டு அனுப்பாமல் மையத்துக்கு அனுப்பினார்.

அங்கே வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொருவரும் பேரைச் சொல்லி, நடந்ததைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வேண்டிய அளவு அந்த ஊர் மொழி அப்பாவிடம் இருந்தது. அழுவதற்கு வேண்டிய அளவு இல்லை. தன் முறை வந்ததும் பேரைச் சொன்னார். “பெட்டியெல்லாம் திரும்ப அடுக்கியாச்சு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மாத்திரையும் அந்த நாற்காலியும் சேர்ந்து குடியை நிறுத்தின. விருந்துகளை நிறுத்த முடியவில்லை. சொந்த மொழியில் சிரிக்க வேறு இடம் எது? கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே போவார். “டிரைவர் வந்துட்டாருடா, இனி பயப்படாம ஊத்து!” என்று கத்துவார்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே காரில் போய் உட்காருவார். உள்ளிருந்து சிரிப்பு வரும்; என்ன ஜோக் என்று தெரியாது. பிறகு ஒவ்வொருவராக வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். “நீதான்டா என் கூடப் பொறந்தவன்” என்று கட்டிப்பிடிப்பார்கள். மறுநாள் ஞாபகம் இருக்காது. அம்மா இறந்து வீடு காலியான பிறகு, கடைசி ஆளை இறக்கிவிட்டுப் பெட்ரோல் பங்கில் நின்று டயருக்குக் காற்றுப் பார்ப்பார். காற்று சரியாகத்தான் இருக்கும்.

உங்கள் ஆட்கள் ஒரு தடவை வந்தால் மறுதடவை வருவதில்லையே என்று மையத்தின் ஆலோசகர் அவரிடம் கேட்டார்.

“வட்டமா உக்கார வெச்சா மூஞ்சி தெரியுது மேடம். வண்டி கத்துத் தர ஒரு ஆள் இருக்காருன்னு சொல்லிப் பாருங்க.”

ஆலோசகர் சிரிக்கவில்லை. டாக்டர் சரி என்ற பிறகுதான் சாவி என்று நிபந்தனை போட்டார். மருந்து அவர் பொறுப்பு, ரோடு அப்பா பொறுப்பு என்று ஆயிற்று.

வந்தார்கள். இருவருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வாய் திறந்தது. சிவப்பு விளக்கில் பேச்சு நின்றுவிடும். பச்சை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்பா தன் குடியைப் பற்றி மகளிடம் சொன்னதும் அப்படித்தான். அவளைக் கல்லூரி விடுதியில் விடப் போகும் வழியில், மூன்றாவது கியரில்.

மிரர் ஒட்டிய மறுநாள், வியாழக்கிழமை காலை, அப்பா ஒரு ஷூவை மாட்டினார். நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. பயன் இல்லை.

சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. அவர் வாசலில் இறக்கிவிட்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். “நம்ம டிரைவர் மாதிரி ஒருத்தன் வரமாட்டான்” என்றார்கள். அவர் ஏன் ஓட்டினார் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. யாரிடம் சொல்வது?

ஞாயிறு மதியம் கதவு தட்டும் சத்தம். இஸ்திரி போட்ட சட்டையில் அந்தச் சமையல்காரன். நேற்றும் வந்து மூலையில் நின்றிருந்தான்.

“சாப்பிட்டீங்களாக்கா?”

“ம். உள்ள வாங்க தம்பி.”

வரவில்லை. “சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான். சாயங்காலம் நானே பாத்துக்கறேன். வண்டி ஓட்டணும்னு சொல்லிடறேன்.”

“எந்த வண்டிய?”

அவன் வாசலில் நின்ற அப்பாவின் காரைப் பார்த்தான்.

“போகாம இருக்க முடியாதா?”

“என்னை இந்த ஊருக்குக் கொண்டு வந்ததே மச்சான்தான்க்கா. வரலன்னா அவரே வந்து தூக்கிட்டுப் போவாரு. போன வாரமே சொல்லிட்டாரு, உனக்குன்னு தனியா ஒரு பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன்னு.”

சிரிக்கப் பார்த்தான். அவனுக்குத் தனியாக ஓட்ட அனுமதி இல்லை. லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவளிடம் லைசன்ஸ் இருந்தது.

“நான் பக்கத்துல உக்காந்து வரேன். எனக்கு இந்த ஊர் ரோடு மறந்துபோச்சு, நீங்கதான் திரும்பக் கொண்டு விடணும்னு சொல்லுங்க. எத்தனை மணிக்கு?”

அவன் தரையைப் பார்த்தான்.

“ஆறு மணிக்குக் கிளம்பலாம்னு உங்கப்பா சொல்லியிருந்தாரு.”